வடசென்னை எங்கே முடிகிறது? ஒரு மனுவுக்காக நான்கு எல்லைகளை ஒப்பிட்டபோது

'வடசென்னை மக்களாகிய நாங்கள்' என்று மனுவின் முதல் வரியை எழுதியதுமே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. காலடிப்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடி. ஆறு குடியிருப்போர் சங்கங்களிலிருந்து பதினோரு பேர் கூடியிருந்தோம். நான் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் வரைபடத்தையும் சிவப்புப் பென்சிலையும் என்னிடம் கொடுத்து, "டீச்சர், நம் எல்லையைப் போடுங்கள்" என்றார்கள். ராயபுரத்துக்காரர் கூவத்தில் ஆரம்பிக்கச் சொன்னார். பெரம்பூர்க்காரர் தம் ஊர் விட்டுப்போய்விடுமோ என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எண்ணூரிலிருந்து வந்திருந்த மீனவர், கோடு கழிமுகத்தோடு நின்றுவிட்டால் தாம் கையெழுத்துப் போடப்போவதில்லை என்றார். அவருடைய தங்கையைக் கழிமுகத்துக்கு அக்கரையில், காட்டுப்பள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

மனுவில் நாங்கள் கேட்பவை மூன்று. வீடு வீடாகச் சென்று நுரையீரல் நலத்தைப் பரிசோதிக்கும் ஒரு கணக்கெடுப்பு. வாயு கசிந்தால் ஊருக்கே கேட்கும்படி ஒலிக்கும் அபாயச் சங்கு. இந்த இரண்டுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரி. எல்லைக்குள் வரும் தெருவில் சங்கு ஒலிக்கும். வெளியே விடப்பட்ட தெருவில் ஒலிக்காது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்துக் கரையோரம் அமோனியா கசிந்தபோது, மூச்சு முட்டி எழுந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் சாலைக்கு வந்தார்கள். அந்த இரவை நினைத்துக்கொண்டுதான் பென்சிலைக் கையில் எடுத்தேன். கோடு போட மனம் வராமல் வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் மேசைமேல் விரித்து வைத்திருந்தேன். மாடியில் பேசப்பட்ட எல்லைகள் நான்கு. ஒவ்வொன்றையும் நான் எடைபோட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, வாய்ப்பேச்சில் வாழும் எல்லை: கூவத்துக்கு வடக்கே எல்லாம் வடசென்னை. இதை எளிதில் தள்ளிவிட என்னால் முடியவில்லை, ஏனென்றால் இதன் பின்னால் நீண்ட நினைவு இருக்கிறது. பாரி முனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரம் ஒரு கல் தூண் நிற்கிறது. 1773 ஜனவரி 1 என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் படையின் முற்றுகைக்குப் பிறகு, கோட்டையிலிருந்து பீரங்கி சுடத் திறந்த வெளி வேண்டும் என்று கிழக்கிந்தியக் கும்பினியார் கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்த வரிசையைத் தாண்டி யாரும் வீடு கட்டக் கூடாது என்று ஆறு தூண்களை நட்டார்கள். எஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள் வடக்கே நகர்ந்து முத்தியால்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். நகரின் வடக்கு என்றாலே தள்ளப்பட்டவர்களின் இடம் என்ற எண்ணம் அந்தத் தூணிலிருந்து தொடங்குவதாகவே எனக்குத் தோன்றுகிறது. மாணவர்களைப் பலமுறை அங்கே அழைத்துப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கூவத்தை எல்லையாக்கும் பேச்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பர் 15 அன்று உயிர் நீத்தார். தெலுங்கர்களுக்குத் தனி மாநிலம் உறுதியான அந்த நாட்களில் 'மதராஸ் மனதே' (மதராஸ் நமதே) என்ற தெலுங்கு முழக்கம் ஒரு பக்கம். 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று ம.பொ.சி.யின் முழக்கம் மறுபக்கம். நகரை இரண்டாக்கிக் கூவத்துக்கு வடக்கே இருப்பதை ஆந்திரத்துக்குக் கொடுக்கலாம் என்ற யோசனையும் அப்போது பேசப்பட்டது. அது நடந்திருந்தால் தங்கசாலையும் தண்டையார்பேட்டையும் திருவொற்றியூர்த் தேரடியும் வேறொரு மாநிலம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது நகரம் முழுதாக இங்கேயே தங்கிவிட்டது. எங்கள் தெருவில் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் நான்கு இருக்கின்றன. அவர்களில் ஒரு பெரியவர், "அன்று அந்தக் கோடு விழுந்திருந்தால் என் பெண்ணுக்கு மயிலாப்பூரில் மாப்பிள்ளை பார்த்திருக்க மாட்டேன்" என்று சொன்னது மனத்தில் நிற்கிறது.

ஆனாலும் எங்கள் மனுவுக்குக் கூவம் உதவாது. அந்த ஆற்றுக்கு வடக்கே என்று சொன்னால் கீழ்ப்பாக்கமும் அண்ணா நகரும் உள்ளே வந்துவிடும். அங்கே இருப்பவர்களுக்கும் குறைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் ஆலையின் தீச்சுடரை இரவெல்லாம் சன்னல் வழியே பார்ப்பவர்களின் குறை வேறு. அதைவிடப் பெரிய குறைபாடு, கூவம் தெற்கெல்லையை மட்டுமே சொல்கிறது. வடக்கே எங்கே நிறுத்துவது? என் சிறு வயதில் டோல்கேட்டோடு நகரம் முடிந்தது. அங்கே முன்னொரு காலத்தில் சுங்கம் வசூலித்ததால் வந்த பெயர். இன்று அதே பெயரில் மெட்ரோ நிலையம் இருக்கிறது, ரயிலோ அதைத் தாண்டி விம்கோ நகர் வரை போகிறது.

இரண்டாவது, நாடாளுமன்றத் தொகுதி. இதைச் சொன்னவர் காரணத்தோடுதான் சொன்னார்: எம்.பி. ஒருவர், அவருக்குக் கீழே ஆறு எம்.எல்.ஏ.க்கள், யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது தெளிவு. திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறும் சேர்ந்ததே இன்றைய வடசென்னைத் தொகுதி. துறைமுகம் தொகுதி இதில் இல்லை. மண்ணடியும் சௌகார்பேட்டையும் மத்திய சென்னைக்கு வாக்களிக்கின்றன. மாதவரம் திருவள்ளூர் தொகுதியில் இருக்கிறது. தொகுதி எல்லை தலைகளை எண்ணிப் போடப்படுவது. அடுத்த மறுவரையறையில் மாறிவிடும். பத்தாண்டு தொடர வேண்டிய ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பை அதன்மேல் கட்டுவது சரியாகாது. இதற்கு மேல் இந்த யோசனையில் நான் நேரம் செலவழிக்கவில்லை.

மூன்றாவது மாநகராட்சி மண்டலங்கள். மாடியில் இருந்தவர்களில் அதிகம் பேர் இதைத்தான் விரும்பினார்கள், நானும் இரண்டு நாள் இதன் பக்கமே சாய்ந்திருந்தேன். 2011-ல் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக விரிந்தபோது கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் நகராட்சிகள் உள்ளே வந்தன. 2018-ல் சென்னை மாவட்டமும் அதே அளவுக்கு விரிந்தது. மாநகராட்சி தன் 15 மண்டலங்களை வடக்கு, மத்தி, தெற்கு என்று மூன்று வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம் ஆகிய முதல் ஐந்தும் வடக்கு. 1 முதல் 63 வரை வார்டுகள். இந்த எல்லையின் பலம், பணமும் ஆளும் ஏற்கெனவே அதற்குள் இருப்பது. வார்டுக்கு ஒரு கவுன்சிலர், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், கொசு மருந்து அடிப்பவர் முதல் சுகாதார ஆய்வாளர் வரை வீடுகளின் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர்கள். கணக்கெடுப்பை நாளையே தொடங்கச் சொன்னாலும் தொடங்க முடியும் என்றால் அது இந்த எல்லைக்குள்தான்.

பெரம்பூர்க்காரரின் முகம் வாடியது இங்கேதான். ஆறாவது மண்டலமான திரு.வி.க. நகர், மாநகராட்சியின் கணக்கில் 'மத்திய' வட்டாரம். அதாவது பெரம்பூரும் ஓட்டேரியும் புளியந்தோப்பும் வடசென்னை இல்லை! பி அண்டு சி நெசவாலைத் தொழிலாளர்கள் 1918-ல் சென்னைத் தொழிற்சங்கத்தைத் தொடங்கியது அந்த மண்ணில். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அதற்குத் துணை நின்ற திரு.வி.க.வின் பெயரைத்தான் அந்த மண்டலமே தாங்கி நிற்கிறது. வடசென்னையின் உழைப்புக்கு முகவரி கொடுத்த ஊரை ஓர் அலுவலகப் பட்டியல் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டது. கொடுங்கையூர்க் குப்பைமேடு எரியும்போது வரும் புகைக்கு அந்தப் பட்டியல் தெரியாது. மாலைக் காற்றோடு அது பெரம்பூர் வீடுகளுக்குள்ளும் நுழைகிறது. ஆகவே மண்டல எல்லையை எடுப்பதானால் ஆறாவதையும் சேர்த்து 78 வார்டுகளாக எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வடக்கு முனையில்தான் இந்த எல்லை என்னைக் கைவிட்டது. மாநகராட்சி கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தோடு நின்றுவிடுகிறது. அக்கரையில் அத்திப்பட்டு, திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். அங்கே நிற்கும் அனல் மின் நிலையத்தின் பெயர் 'வடசென்னை அனல் மின் நிலையம்'. அதன் அஞ்சல் எண்ணும் சென்னைக்குரிய 600-ல்தான் தொடங்குகிறது. மின்சாரத்துக்கும் தபாலுக்கும் வடசென்னையாக இருக்கும் ஓர் இடம், நுரையீரலைப் பரிசோதிக்கும்போது மட்டும் வெளியூர் ஆகிவிடுவதை நான் எப்படி ஏற்பது? காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அந்தப் பக்கம்தான்.

காவல் எல்லையோ இன்னொரு விதம். 2022 ஜனவரி முதல் எண்ணூரும் மணலியும் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் இருக்கின்றன. எண்ணூரில் இருப்பவர் சாக்கடைக்குச் சென்னை மாநகராட்சி, பட்டாவுக்குச் சென்னை மாவட்ட நிர்வாகம், புகாருக்கு ஆவடி ஆணையர் என்று மூன்று திசையில் போக வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கழிவு லாரி ஒன்று இரவில் கால்வாயோரம் கொட்டிவிட்டுப் போனதை நானே ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். கால்வாயின் இந்தக் கரையா அந்தக் கரையா என்று கேட்டார்கள். அந்தக் கரை என்றதும், "அது எங்கள் எல்லை இல்லை அம்மா" என்று பதில் வந்தது. நான் குரலை உயர்த்திப் பேசினேன், பயன் இல்லை. விடிந்தபோது கழிவு தண்ணீரில் கரைந்து இரண்டு கரைகளுக்கும் பொதுவாகிவிட்டிருந்தது.

ஆகவே நான்காவது எல்லை. எண்ணூர் மீனவர் சொன்னது இதைத்தான், அவர் அதற்கு 'எல்லை' என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. "ஒரே தண்ணீர்" என்றார். கொசஸ்தலையாறு மேற்கே இருந்து வந்து கடலில் சேரும் இடம், அதோடு கலக்கும் பக்கிங்காம் கால்வாய், வடக்கே பழவேற்காடு வரை தொடரும் உப்பங்கழி. இந்தத் தண்ணீரையும் அதன் மேல் அடிக்கும் காற்றையும் பங்கிட்டுக்கொள்பவர்கள் எல்லாரும் ஒரே ஊர். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது இது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. காட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் வலைகள் கறுத்தன. படகின் பக்கவாட்டில் படிந்த கறை வாரக்கணக்கில் போகவில்லை. அன்று எங்கள் எல்லைக்கோடு எது என்று எண்ணெய் வரைந்து காட்டியது. மணலியில் புறப்பட்டுக் கால்வாய் வழியே இறங்கிக் கழிமுகத்தில் விரிந்த அந்தக் கறுப்பு, எந்த வார்டிலும் எந்த வட்டத்திலும் நிற்கவில்லை.

ராயபுரத்துச் செயலாளர் இதை எதிர்த்தார், அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. "எல்லாரையும் சேர்த்துக்கொண்டே போனால் மீஞ்சூர் என்பார்கள், பிறகு கும்மிடிப்பூண்டி என்பார்கள். இரண்டு மாவட்ட ஆட்சியர்கள், யார் கையெழுத்துப் போடுவது என்று ஒருவர் மேல் ஒருவர் தள்ளுவார்கள். நம் கோப்பு நடுவில் கிடக்கும்." 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தபோது தொலைவில் இருக்கும் ஊர்கள் எத்தனையோ காகிதத்தில் சென்னையாயின. எல்லை விரியும்போது கவனிப்பும் விரிகிறதா என்பது அவருடைய கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் நேரே போய்ப் பார்க்கலாம் என்றேன்.

விம்கோ நகரில் மின்சார ரயில் ஏறிக் கத்திவாக்கம், எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகரில் இறங்கினோம், நானும் மீனவரும் பெரம்பூர்க்காரரும். சாம்பல் படிந்த இலைகளைக் கடந்து ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். மோர் கொடுத்த அம்மாள், மனுவை நான் வாசிக்கக் கேட்டுவிட்டு முதல் வரியிலேயே நிறுத்தச் சொன்னார். "டீச்சரம்மா, எங்களைச் சென்னை என்று எழுதாதீர்கள். பஞ்சாயத்தை மாநகராட்சியில் சேர்த்துவிட்டால் நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும். இருக்கிற நிலமும் மனையாகிவிடும்." அவருக்கு இருமல் இருக்கிறது, பேரனுக்கு இளைப்பு இருக்கிறது, கணக்கெடுப்பு வேண்டும். வடசென்னை என்ற பெயர்தான் வேண்டாம். நான்காவது எல்லையை முழு மனத்தோடு ஏற்கப் போயிருந்த எனக்கு இது உறைத்தது. உள்ளே சேர்ப்பது நன்மைதான் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அவரைக் கேட்காமல் கோட்டை நீட்டியிருந்தால், 1773-ல் தூண் நட்டவர்கள் செய்ததற்கும் நான் செய்ததற்கும் அதிக வேறுபாடு இருந்திருக்காது.

திரும்பும் ரயிலில்தான் படாஸ்கர் நினைவுக்கு வந்தார். வகுப்பில் பலமுறை நடத்திய பாடம். வடக்கெல்லைப் போராட்டத்தின் முடிவில், ஆந்திரத்துக்கும் சென்னை மாநிலத்துக்கும் நடுவே எல்லையைத் தீர்க்க எச்.வி. படாஸ்கர் நியமிக்கப்பட்டார். வட்டம் வட்டமாக, மாவட்டம் மாவட்டமாக இது உனக்கு, அது எனக்கு என்று பிரிப்பதை அவர் ஏற்கவில்லை. கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டார். அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் அதிகம், பக்கத்து ஊர்களோடு நிலத்தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். அதன்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நமக்கு வந்தது. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. இன்று நாங்கள் தடுமாறுகிற அதே பொன்னேரி வட்டம். எல்லாருக்கும் நிறைவு தந்த தீர்ப்பு அது என்று சொல்ல மாட்டேன், திருப்பதி பற்றிய ஏக்கம் எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கடைசி வரை இருந்தது. ஆனால் வரைபடத்தின் மேலிருந்து பார்க்காமல் ஊருக்குள் இறங்கி நின்று எண்ணும் முறை சரியானது. கர்நாடகத்தோடு நடக்கும் பெல்காம் எல்லை வழக்கில் மகாராஷ்டிரம் இன்றும் அந்த முறையைத்தான் கேட்கிறது.

அதை எங்கள் அளவுக்குச் சுருக்கிக்கொண்டேன். கோடு போடுவதை விட்டுவிட்டேன், பட்டியல் போட்டேன். அலகு, மாநகராட்சிக்குள் வார்டு, வெளியே கிராமம். ஒவ்வோர் அலகுக்கும் இரண்டு கேள்விகள்: கழிமுகத்துத் தண்ணீரோ ஆலை, குப்பைமேட்டுக் காற்றோ இந்த ஊரைத் தொடுகிறதா? இந்த ஊர் மனுவில் சேர விரும்புகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் உள்ளே. முதல் மூன்று எல்லைகளோடு ஒப்பிட்டால் இதில் வேலை அதிகம். ஒவ்வோர் ஊருக்கும் ஒருவர் போய்க் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டதில் 78 வார்டுகளிலும் ஆள் கிடைத்துவிட்டது. பாரி முனையை ஒட்டிய வார்டுகளைத் தண்ணீர்க் கேள்வியின்படி நான் விட்டுவிடப் பார்த்தேன். அங்கே மூட்டை தூக்கும் தொழிலாளர்களில் பாதிப் பேர் வியாசர்பாடியிலிருந்து வருகிறவர்கள் என்று ராயபுரத்துக்காரர் எடுத்துச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டேன். அவருடைய பயத்துக்கும் வழி செய்தோம். மனு ஒன்று, பட்டியல் இரண்டு: சென்னை ஆட்சியருக்கு வார்டுகள், திருவள்ளூர் ஆட்சியருக்குக் கிராமங்கள். பொறுப்பு அதிகாரி ஒருவரையே இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்துக் கேட்கிறோம். அவர் கோப்பை யார் மேலும் தள்ள முடியாது.

முதல் வரியும் மாறிவிட்டது. 'வடசென்னையிலும் எண்ணூர்க் கழிமுகத்தின் இரு கரைகளிலும் வாழும் நாங்கள்' என்று எழுதியிருக்கிறோம். அத்திப்பட்டு அம்மாளுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "கழிமுகம் என்று போட்டீர்களே, அது சரி" என்றார்.

மேற்குப் பக்கம் மட்டும் இன்னும் முடியவில்லை. புழல் மாநகராட்சிக்குள் இருக்கிறது, ஏரிக்கு அப்பால் செங்குன்றம் வெளியே இருக்கிறது. அரிசி ஆலைத் தொழிலாளர்கள் சேர விரும்புகிறார்கள், கடைக்காரர்கள் யோசிக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பெரம்பூர்க்காரரும் நானும் பட்டியலை எடுத்துக்கொண்டு அங்கே போகிறோம்.